‘அப்பா கேட்டார்’

அவளை ஏஜென்சியில் எல்லோரும் ‘ரிப்போர்ட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர், போகப் போக மரியாதையாக மாறிவிட்டது. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் அங்கே முப்பத்திரண்டு பேர். குளிப்பாட்டவும், புரட்டிப் படுக்க வைக்கவும், முகம் சுளிக்காமல் துடைத்துவிடவும் முப்பத்திரண்டு பேருக்கும் தெரியும். சாயங்காலம் ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுது என்றால்தான் அத்தனை பேரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அந்த ஒரு பக்கம்தான் ஏஜென்சிக்குப் பெருமை. படுத்திருப்பவரின் பிள்ளைகள் ஆளுக்கொரு தேசத்தில் இருப்பார்கள். டாக்டர் வேறெங்கோ இருப்பார். எல்லோருக்கும் புரிய வேண்டுமே என்று இங்கிலீஷ். நோயாளி என்ன சாப்பிட்டார், எத்தனை அடி நடந்தார், எப்படித் தூங்கினார் என்று கோடு போட்ட நோட்டில் எழுதி, போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஏஜென்சியை நடத்தும் மேடத்தின் கண்டிப்பு ஒன்றே ஒன்று. எல்லாம் நடந்து முடிந்ததாக இருக்க வேண்டும். ‘சாப்பிடுகிறார்’, ‘சாப்பிடுவார்’ என்றெல்லாம் இழுக்கக் கூடாது. சாப்பிட்டார். அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் எழுதிய பக்கத்தை மேடம் ஆபீசில் எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்தார். எந்த வார்த்தையானாலும் பின்னால் ஒரே வாலை ஒட்டிவிட்டால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பி, சாப்பிட்டாருக்கு ‘ஈட்டட்’, தூங்கினாருக்கு ‘ஸ்லீப்பட்’ என்று எழுதியிருந்தாள். மேடம் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்? மேடம் சிரிக்கிறாரே என்று சிரித்தார்கள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், எட்டாம் வகுப்பு படிக்கும் மகளின் இலக்கணப் புத்தகத்தை எடுத்து அடுப்பு மேடைமேல் வைத்தாள்.

“முடிஞ்சுபோனதை எப்படிச் சொல்றதுன்னு மட்டும் சொல்லிக் குடு. மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்.”

“அதெப்படிம்மா அது மட்டும்?”

“என் வேலைக்கு அது மட்டும்தான்டி வேணும்.”

மகள் கறாரான வாத்தியாராக இருந்தாள். அம்மா பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்றுகொண்டு கேள்வி கேட்பாள். “நெறைய வார்த்தைக்குப் பின்னால ஈ, டி போட்டாப் போதும். வாக்னா வாக்டு. ஆஸ்க்னா ஆஸ்க்டு. சிலது மட்டும் அடங்காதும்மா, அதுங்க இஷ்டத்துக்கு மாறும். கோ வந்து வென்ட். ஈட் வந்து ஏட். ஸ்லீப் வந்து ஸ்லெப்ட். அதெல்லாம் மனப்பாடம்தான்.” அடங்காத வார்த்தைகள் ஐம்பதை ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். சர்க்கரை டப்பாவை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அம்மா இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டுத்தான் மூடுவாள்.

‘இல்லை’ என்று சொல்வதுதான் அவளுக்கு ரொம்ப நாள் வரவில்லை. ‘டிட் நாட்’ போட்டுவிட்டால் அடுத்து வரும் வார்த்தை மாறாமல் அப்படியே நிற்க வேண்டுமாம். அவளோ இரண்டையும் மாற்றி வைத்து ‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதுவாள். “ஒரு தடவை முடிச்சாச்சும்மா, மறுபடி மறுபடி ஏன் முடிக்கறே?” என்று மகள் தலையில் குட்டுவாள். அம்மா தலையில் மகள் குட்டுகிற வீடு. அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது லாரியில் ஏறிப் போன அப்பன், வீடு இருக்கும் திசையையே மறந்துவிட்டான்.

மூன்று மாதத்தில் அவள் பக்கத்தில் பிழை நின்றது. ஆறு மாதத்தில் மற்ற பெண்கள் அவளுக்குப் போன் போட்டு, “அக்கா, வாந்தி எடுத்தாருக்கு என்ன போடறது?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெயர் அப்படித்தான் வந்தது.

ஆனால் எழுதும் நேரத்தை அவள் மகளிடம் படிக்கவில்லை. அதைத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட பெண்களிடம்தான் படித்தாள். ஆறு மணிக்கு ஏஜென்சி வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். இரண்டு நிமிஷத்துக்குமேல் நிற்காது. விட்டால் இரண்டு பஸ் மாறித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இரவு டூட்டிக்கு வரும் ஆளுக்கு எழுத வராது. ராத்திரிச் சாப்பாட்டையும் தூக்கத்தையும்கூடப் பகல் ஆள்தான் எழுதிவைக்க வேண்டும். அதனால் நாலு மணிக்கே உட்கார்ந்து, ஏழு மணிக்குக் குடிக்கப்போகும் சூப்பைக் குடித்தார் என்றும், ஒன்பது மணிக்குத் தூங்கப்போகிறவரை நன்றாகத் தூங்கினார் என்றும் எழுதி முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் இருக்கும் தேசத்தில் வேறு மணி, படம் எத்தனை மணிக்கு வந்தது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நடக்காததை நடந்ததாக எழுதுகிறோம் என்று யாருக்கும் உறுத்தவில்லை. தினமும் அதே சூப், தினமும் அதே கட்டில். இதில் என்ன மாறிவிடப் போகிறது?

இப்படி இருக்கும்போதுதான் டிரைவர் ஐயா வீட்டுக்கு டூட்டி போட்டார்கள்.

முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், மூன்று வார்த்தைதான் மிச்சம்: ‘தண்ணி’, ‘வேண்டாம்’, ‘போ’. மூன்றில் கடைசி வார்த்தையைத்தான் அதிகம் செலவு செய்வார். மூன்றாவது மாடி, இரண்டு அறை. மனைவி இறந்து ஆறு வருஷம். ஜன்னலுக்கு நேர்கீழே பஸ் ஸ்டாப். பஸ் பிரேக் போடும் சத்தம் கேட்டால் போர்வைக்குள் அவருடைய இடது கால் தானாக அழுத்தும். கிளட்ச்! அதைப் பார்த்த முதல் நாளே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கைப் பயிற்சிக்கு டாக்டர் சொன்ன ரப்பர் பந்தை அவர் தூக்கி எறிந்தார். அவள் ஒரு வட்டத் தட்டைக் கொடுத்து, “ஸ்டியரிங்கைப் பிடிங்க ஐயா, வளைவு வருது” என்றாள். அதைத் திருப்பினார். வாய் கோணிக்கொண்டு ஒரு சிரிப்பும் வந்தது.

ஒரே மகன். கடல் தாண்டி வேலை. டூட்டி தொடங்கிய அன்று அவன் போனில் அரை மணி நேரம் பேசினான்.

“அக்கா, எங்கப்பா எங்கிட்ட பேசி ஆறு வருஷமாச்சு. அம்மா போனப்ப எனக்கு லீவு கிடைக்கல. மூணு நாள் கழிச்சுத்தான் வந்து சேந்தேன். அன்னிக்கு வாயை மூடினவருதான். நான் போன் பண்ணினா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாரு.”

“சரியாப் போயிடும் தம்பி.”

“நீங்க எழுதற ரிப்போர்ட்ல கடைசியா ஒரு வரி எனக்காக எழுதணும். அப்பா என்னைப் பத்திக் கேட்டாரா இல்லையான்னு. அது ஒண்ணு போதும். மத்ததை டாக்டர் பாத்துக்கட்டும்.” அதோடு விடாமல் இன்னொன்றும் சொன்னான்: “சின்ன வயசுல பஸ்ஸுல அவர் பக்கத்துல உக்காந்து விசில் ஊதிட்டே வருவேன். கண்டக்டர்னுதான் கூப்பிடுவாரு. என்னிக்காவது அந்த வார்த்தை அவர் வாயிலேர்ந்து வந்துச்சுன்னா, எந்த நேரமா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணுங்க.”

சுவரில் அந்தப் போட்டோ இருந்தது. பெரிய ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கன்னம் உப்ப விசில் ஊதும் ஐந்து வயசுப் பையன்.

பத்தொன்பது நாள் அவன் கேட்ட வரியில் அவள் உள்ளதை உள்ளபடி எழுதினாள். அப்பா சாப்பிட்டார். அப்பா எட்டு அடி நடந்தார். அப்பா உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. அவளைப் பாடாய்ப் படுத்திய அந்த ‘டிட் நாட்’ இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். படம் அனுப்பிய இரண்டாம் நிமிஷம் அவனிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வரும். பார்த்துவிட்டான் என்று அர்த்தம். பத்தொன்பதாம் நாள் கட்டைவிரல் வரவில்லை. ஒரு வரி இங்கிலீஷ் வந்தது. வீட்டுக்குப் போய் மகளிடம் காட்டினாள்.

“அவர் இன்னும் என்மேல கோபமா இருக்காரான்னு கேக்கறாரும்மா.”

மறுநாள் நாலு மணிக்கு நோட்டை விரித்துவைத்துக்கொண்டு அவள் கட்டிலருகில் போய் நின்றாள். “ஐயா, ஒரு வார்த்தை. புள்ளை எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் எழுதிப் போடறேன்.”

“போ.”

“போறேன், ஆறு மணிக்கு எப்படியும் போகத்தான் போறேன். கேட்டா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்திடுமா?”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்து, ‘அப்பா உங்களைப் பற்றிக் கேட்டார்’ என்று எழுதினாள். அடங்குகிற வார்த்தை, ஈ-டி போட்டால் முடிந்தது. ‘இல்லை’ போட்டு எழுதுவதைவிட எவ்வளவோ சுலபம்.

படம் போய்ச் சேர்ந்ததும் போன் அடித்தது. மறுமுனையில் அவனால் பேச முடியவில்லை. வளர்ந்த ஆண்பிள்ளை விசும்பி விசும்பி அழுதான். “தேங்க்ஸ்க்கா, தேங்க்ஸ்க்கா” என்பதைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. அவளும் அழுதாள். போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: இன்று ‘கேட்டார்’ என்று எழுதியவள், நாளைக்கு ‘கேட்கவில்லை’ என்று எப்படி எழுதுவாள்? கோபம் மறுபடி வந்துவிட்டதா என்று அவன் துடித்துப்போக மாட்டானா? ஆகவே மறுநாளும் எழுதினாள். அதற்கு மறுநாளும். சூப், தூக்கம், மகனைப் பற்றிய கேள்வி என்று மூன்றும் நாலு மணிக்கே முடிந்துபோகும் காரியங்களாயின.

போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்த மகள், “நெஜமா கேட்டாராம்மா?” என்றாள்.

“கேட்ட மாதிரிதான். மனசுக்குள்ள கேக்காமலா இருப்பாரு?”

மகள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். “எங்கிட்டயும் இப்படித்தான் சொன்னே. அப்பா போன் பண்ணாரு, உன்னைக் கேட்டாருன்னு. நாலாங் கிளாஸ் வரைக்கும் நம்பினேன்.” அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தட்டெடுத்துப் போட்டாள். அம்மா குனிந்து சோறு போட்டாள்.

டிரைவர் ஐயாவிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. “இன்னிக்கும் உங்க பேரைச் சொல்லிப் பொய் எழுதியாச்சு ஐயா, பாவம் பூரா உங்க கணக்குலதான்” என்பாள். முதலில் முறைத்தவர், நாளாக ஆக முறைப்பதை விட்டார். நாலு மணிக்கு அவள் நோட்டைத் திறந்தால் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி வரி வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். ‘வேண்டாம்’ என்று அவருக்குச் சொல்லத் தெரியும். ஒரு நாளும் சொன்னதில்லை.

ஏழு மாதம் ஓடியது. எட்டு அடி பன்னிரண்டானது. ஜன்னலோரம் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார முடிந்தது. மூன்றாவது நோட்டு தொடங்கிப் பத்துப் பக்கம் ஆகியிருந்தது. மகனிடமிருந்து தினமும் கட்டைவிரல் வந்தது. அப்பா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாரோ என்ற பயத்தில், அவரிடம் நேரே பேச மட்டும் அவன் கேட்கவே இல்லை. அழுவதெல்லாம் நின்று வெகுநாள் ஆகியிருந்தது. நல்ல சேதியானாலும் தினமும் ஒரே சேதி என்றால் யார்தான் அழுதுகொண்டிருப்பார்கள்?

அன்று வியாழக்கிழமை. நாலு மணிக்கு எழுதினாள். அப்பா சூப் குடித்தார். அப்பா பன்னிரண்டு அடி நடந்தார். அப்பா நன்றாகத் தூங்கினார். அப்பா உங்களைப் பற்றிக் கேட்டார். நாலரைக்குப் படம் போனது, கட்டைவிரல் வந்தது. ஐயாவை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, படுக்கை விரிப்பை மாற்றி, மருந்து டப்பாவை அடுக்கி, தலை சீவிக்கொண்டிருந்தாள். மணி ஐந்தரை தாண்டியிருக்கும். கீழே ஒரு பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். ஐயா முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி ஆளும் இறங்கி, பஸ் கிளம்பியது. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“கண்டக்டர்...” என்றார். கோணிய வாயைக் கூட்டி மறுபடி முயன்றார். “கண்டக்டர் வந்தானா?”

சீப்பு அவள் கையிலேயே நின்றது. ஏழு மாதத்தில் அந்த மூன்று வார்த்தையைத் தவிர வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

“ஐயா! என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!”

“வந்தானா?”

அவள் போனைக் கையில் எடுத்தாள். இந்த இடத்தில்தான் அவளை அடிக்கலாம் போல இருக்கிறது. அடித்து என்ன பயன்? அவள் என்ன நினைத்தாள் என்றால், அங்கே இப்போது வேலை நேரம், அவன் எடுக்க மாட்டான். கேட்டார் என்றுதான் பக்கத்தில் எழுதியாயிற்றே, அவனும் பார்த்துவிட்டானே. இப்போது போன் போட்டு ‘இன்றைக்குத்தான் நிஜமாகக் கேட்டார்’ என்றால், அப்போ இத்தனை நாள் என்று கேட்பானே, அதற்கு என்ன சொல்வது? இரவு ஆள் செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். கீழே ஹாரன் அடித்தது. ராத்திரி யோசித்து, பக்குவமாகச் சொல்ல ஒரு வழி கண்டுபிடிக்கலாம் என்று தோன்றியது.

“நாளைக்கு ஐயா. காலையில வந்ததும் மொத வேலையா போன் போட்டுத் தரேன். நீங்களே பேசுங்க.”

“இப்ப” என்றார் அவர்.

அது ஆறாவது வார்த்தை. அவர் இடது கையை நீட்டி அவள் பையின் வாரைப் பிடித்தார். அவள் மெதுவாக விரல்களைப் பிரித்துவிட்டாள். “நாளைக்கு” என்று மறுபடி சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள். வேனில் இடம் கிடைத்தது.

காலை எட்டு மணிக்கு அவள் வந்தபோது கதவு திறந்தே கிடந்தது. ஐயா விடியும் நேரத்தில் போய்விட்டிருந்தார். இரவு ஆள் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “சூப்பைத் தொடலக்கா. ராத்திரி பூரா கண்ணை மூடவே இல்ல, கதவையே பாத்துட்டு இருந்தாரு” என்றார். நோட்டு மேஜைமேல் இருந்தது. அப்பா சூப் குடித்தார் என்று அதில் இருந்தது. அப்பா நன்றாகத் தூங்கினார் என்று இருந்தது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கூலிக்குப் பார்க்க வந்தவள் இப்படி அழுகிறாளே என்று பக்கத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மகன் இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தான். இந்த முறையும் அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை.

எல்லாம் முடிந்து ஐந்தாம் நாள், சாமான்களை ஒப்படைக்க ஏஜென்சி அவளை அங்கே அனுப்பியது. ஐந்தரை மணி இருக்கும். கட்டிலில் விரிப்பில்லாத மெத்தை மட்டும் இருந்தது. ஜன்னலோர நாற்காலியில் மகன் உட்கார்ந்திருந்தான். மடியில் மூன்று நோட்டும் இருந்தன. ஐயா ஸ்டியரிங்காகத் திருப்பிய வட்டத் தட்டு ஜன்னல் மேடையிலேயே இருந்தது.

“உக்காருங்கக்கா” என்றான். முகத்தில் அழுகை காய்ந்த அடையாளம் இருந்தாலும் குரல் அமைதியாக இருந்தது. “பிபி மெஷின், வாக்கர் எல்லாம் எடுத்துக்குங்க. இந்த நோட்டை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. ஏஜென்சி ரூல் ஏதாவது இருந்தா நான் பேசிக்கறேன்.”

“எடுத்துக்குங்க தம்பி.”

“அம்மா போனப்ப நான் செத்துப் பொழைச்சேன்க்கா. இந்தத் தடவை அப்படி இல்ல. அப்பா கோபம் போயிடுச்சுன்னு தெரியுமில்ல? தினமும் கேட்டிருக்காரே.” பக்கங்களைப் புரட்டினான். “சொல்லப்போனா அதனாலதான் ஏமாந்துட்டேன். போன மாசமே டிக்கெட் போட்டிருந்தேன். நடக்கறாரு, சாப்பிடறாரு, கேக்கறாரு, அப்புறம் என்ன அவசரம்னு தள்ளி வெச்சேன். பெரிய லீவா எடுத்து ஒரு மாசம் கூட இருக்கலாம்னு.”

போன மாதமே வந்திருப்பான். ஐயாவுக்குப் பக்கத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அவனை நிறுத்தி வைத்தது அவளுடைய ஒரு வரி. பிழையே இல்லாத வரி.

வாயை மூடிக்கொண்டு வாக்கரை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அவன் நிம்மதியாக இருப்பான், வயசான பிறகு தன் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுவான். அப்படிப் போய்விட்டிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆறு வருஷ வைராக்கியத்தை விட்டு, செத்த நாக்கைப் புரட்டி, அந்த மனுஷன் கேட்டது ஒரே ஒரு தடவை. அது இந்தப் பொய்க் குவியலுக்குள் எங்கேயோ கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துக் கொடுக்க அவளை விட்டால் உலகத்தில் ஆள் இல்லை.

“தம்பி, அவர் தினமும் கேக்கல.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“மொதல் பத்தொன்பது நாள் அந்த வரி நெஜம். அதுக்கப்புறம் நீங்க கேட்டீங்களே, இன்னும் கோபமான்னு... மனசு கேக்காம எழுதிட்டேன். எழுதினதை நிறுத்தத் தெரியல. நாலு மணிக்கே எழுதிடுவேன். சூப்பு, தூக்கம், நீங்க, எல்லாத்தையும் முன்னாடியே எழுதிடுவேன்.”

அவன் நோட்டைப் பார்த்தான். முதல் நோட்டு, இரண்டாவது நோட்டு. பக்கம் பக்கமாக அதே வரி, அழகான கையெழுத்தில். அவன் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“ஒரு நாள்கூட கேக்கலையா?”

“ஒரு நாள் கேட்டாரு.”

மூன்றாவது நோட்டைத் திறந்து கடைசியாக எழுதிய பக்கத்தை அவன்முன் வைத்தாள். “இது. இதையும் நாலு மணிக்குத்தான் எழுதினேன். ஆனா அஞ்சரைக்கு, இதே நாற்காலியில, பஸ்ஸுல எறங்கறவங்களை ஒவ்வொருத்தரா பாத்துட்டு இருந்தாரு. எல்லாரும் எறங்கினதும் எங்கிட்டத் திரும்பி, ‘கண்டக்டர் வந்தானா’ன்னாரு.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவன் முகம் உடைந்தது. பொய்யாக இருக்க முடியாது. இத்தனை நாள் பொய்யில் அந்த வார்த்தையை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. அவன் போனை எடுத்து விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனான். வியாழக்கிழமையின் படம் வந்தது. படத்துக்குக் கீழே அவன் போட்ட பதிலும் இருந்தது.

“கட்டைவிரல் போட்டிருக்கேன்” என்றான். “கேன்டீன்ல நின்னுட்டு இருந்தேன். திறந்துகூடப் படிக்கல.”

போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “நீங்க அவருக்கு என்ன சொன்னீங்க?”

“நாளைக்குப் போன் போட்டுத் தரேன்னேன்.”

“அதுக்கு அவர்?”

அவள் நாக்கில் ஒரு பதில் தயாராக இருந்தது. சரியென்று தலையாட்டினார், நிம்மதியாகப் படுத்துக்கொண்டார். ஏழு மாதப் பழக்கம், யோசிக்கவே வேண்டியதில்லை. அவன் கண்கள் அந்தப் பதிலைத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தன.

“‘இப்ப’ன்னாரு தம்பி” என்றாள். “என் பையைப் பிடிச்சுக்கிட்டு, ‘இப்ப’ன்னாரு. நான் கையை எடுத்துவிட்டுட்டுப் போயிட்டேன்.”

அவன் போனை ஜன்னல் மேடையில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. கீழே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் வேனின் ஹாரன் கேட்டது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

அவள் போகவில்லை.